நழுவிய கண்ணி

இது நான் பார்த்த கதை இல்லை. என்னோடு நிலச்சரிவுக் கணக்கெடுப்பில் ஒப்பந்த வேலை பார்க்கும் புஷ்பாகரன் சொன்னது. அவனும் பார்த்ததில்லை, அப்போது அவன் கோயம்புத்தூரில் ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்தான். அவனுக்குச் சொன்னது அவன் அம்மா சிவபாக்கியம். அந்த அம்மாள் ஒரு விஷயத்தை இரண்டாவது தடவை சொன்னால் அதில் மழை கொஞ்சம் கூடுதலாகப் பெய்திருக்கும் என்று அவனே சொல்வான். எங்கள் வீட்டில் கையெழுத்துக்கு மேல் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். எழுதி வைத்தால் அதை நம்பிவிடுவார்கள் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. ஆகவே கேட்டதைக் கேட்டபடி சொல்கிறேன், கூட்டாமல்.

நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே கொழுந்து பறிக்கிறார்கள். ஒரே நீளக் கூரையின் கீழ் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளின் வரிசைக்கு அவர்கள் லயம் என்று பெயர் சொல்வார்கள். அங்கே கீழ் லயம் என்று ஒன்றும் மேல் லயம் என்று ஒன்றும் இருந்தன. ஒரு மழைக்காலத்தில் கீழ் லயத்துக்காரர்கள், மழை விடும்வரை பள்ளிக்கூடத்தில் தங்குங்கள் என்ற பேச்சை நம்பிப் பாயும் சட்டியுமாகப் போனார்கள். மழை விட்டுத் திரும்பி வந்தபோது ஒவ்வொரு கதவிலும் புதுப் பூட்டு தொங்கியது. காலி செய்துவிட்டுப் போனவர்களுக்கு வீடு கிடையாது என்றார் மேனேஜர். அன்றிலிருந்து மேல் லயத்தில் ஒரு வழக்கம் வந்தது: கல்யாணமோ சாவோ எதுவானாலும், எந்த வீட்டிலும் அடுப்பு அணையக்கூடாது. கூரையில் புகை தெரிகிற வீட்டைப் பூட்டத் தோட்டத்து ஆள் யாருக்கும் கை வரவில்லை. ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுப்பதில்லை, நெருப்பைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மேல் லயத்தின் கோடி வீடு யோகராணியுடையது. புருஷன் கோயம்புத்தூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் காவல்காரர், பொங்கலுக்கு வருவார். பெண்ணைக் கட்டிக் கொடுத்தாயிற்று. அந்த வருஷம் ஐப்பசியில் அவளுக்குக் குளிர்ந்தது. கம்பெனி கொடுத்த கம்பளி நடுவில் நைந்து, விளக்கைப் பின்னால் பிடித்தால் சுடர் தெரிந்தது. தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்துக்கு வரும் சிஸ்டர் ஸ்வெட்டர் பின்னுவதை அவள் பல வருஷம் பார்த்திருக்கிறாள், கை வைத்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கவாத்து வெட்டிப் போட்ட தேயிலைச் செடியின் அடிக்கட்டையிலிருந்து இரண்டு குச்சிகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள்.

தேயிலை மெதுவாக வளர்கிற மரம்; அதன் கட்டை இறுகி, கனத்து, கத்திக்குச் சுலபத்தில் இணங்காது. யோகராணி அதைக் கவாத்துக் கத்தியால் சீவினாள், உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டினாள், அடுப்புச் சாம்பலால் தேய்த்தாள், தேங்காயெண்ணெய் தடவினாள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தில் ஓட்டிப் பார்த்தாள். எங்காவது நெருடினால் மறுபடி கண்ணாடித் துண்டை எடுத்தாள். கன்னத்துக்கும் குச்சிக்கும் நடுவே ஒன்றுமே இல்லை என்று ஆகிற வரைக்கும் அப்படிச் செய்தாள். அப்படி ஆன நொடியில் அவள் யாரையோ பார்த்துச் சிரித்தாள் என்றும், ஆனால் எதிரில் ஒருவரும் இல்லை என்றும் பக்கத்து வீட்டுச் சிவபாக்கியம் சொல்கிறாள். அந்த இரண்டு ஊசிகளில், பழைய ஸ்வெட்டரைப் பிரித்தெடுத்த நூலைக் கோத்து, தனக்கே தனக்கென்று ஒரு போர்வை பின்ன ஆரம்பித்தாள். ஊசியில் வரிசையாக நிற்கும் ஒவ்வொரு நூல் வளையத்தையும் அவள் கண்ணி என்றாள்.

அதே ஐப்பசியில்தான் லயத்துக்குப் பின்னால் மலை விரிசல் விட்டது. தேயிலைச் செடிகளுக்கு நடுவே, லயத்தின் ஒரு கோடிக்கு நேரே தொடங்கி மறு கோடிவரை ஒரு பிளவு. முதலில் விரல் நுழைந்தது, பிறகு கை நுழைந்தது, பிறகு ஓர் ஆட்டுக்குட்டியின் கால் உள்ளே போய் முறிந்தது. வருவாய்த் துறை ஆட்கள் வந்து, பிளவின் இந்தக் கரையில் ஒன்றும் அந்தக் கரையில் ஒன்றுமாக, ஒரு சாண் இடைவெளியில் இரண்டு மர முளைகளை அடித்துவிட்டு, இடைவெளி கூடினால் சொல்லுங்கள், கூடாவிட்டாலும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள் என்றார்கள். லயம் மொத்தமும் தலையாட்டியது. ஒருவரும் போகவில்லை. மலை வந்தால் உயிர் போகும், ஆனால் வரலாம், வராமலும் இருக்கலாம். பூட்டு நிச்சயம் வரும்.

பிளவு மூடத் தொடங்கியதை முதலில் கண்டவள் சிவபாக்கியம். சாம்பல் கொட்டப் போனவள், யோகராணி வீட்டுக்கு நேர் பின்னால் மண் ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். வெறுமனே ஒட்டவில்லை, இந்தக் கரையின் தேயிலை வேர்கள் அந்தக் கரைக்குப் போய், அங்கிருந்த வேர்களுக்குள் நுழைந்து வளைந்து திரும்பி, ஒன்றுக்குள் ஒன்று கண்ணி போட்டிருந்தன. அவள் சாம்பல் தட்டோடு நேராக யோகராணி வீட்டுக்குள் போனாள், மடியிலிருந்த போர்வையின் நீளத்தைத் தன் முழங்கையால் அளந்தாள், திரும்பிப் போய் மூடிய மண்ணையும் அளந்தாள். ஒரு முழம் போர்வைக்கு ஒரு வீட்டு நீளம் மலை மூடியிருந்தது.

இதைக் கேட்டு லயத்தில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. மலைக்கும் குளிர்ந்திருக்கும் என்றார் ஒருவர். தேயிலைக் கட்டையில் செய்த ஊசி தேயிலை வேருக்குச் சொந்தந்தானே என்றார் இன்னொருவர். எப்படி நடந்தது என்ற பேச்சு அத்தோடு முடிந்து, எப்போது முடியும் என்ற பேச்சு ஆரம்பித்தது.

தொழிற்சங்கத் தலைவர் அருளப்பன் அன்றே எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினார். கொழுந்து பறிக்கும் பெண்கள் ஆளுக்கு ஒரு பிடியை யோகராணியின் பையில் போட்டு அவள் எடையைச் சரிக்கட்டினார்கள். அவளுக்குச் சோறு முறை வைத்து வந்தது. எல்லா வீட்டிலும் ஸ்வெட்டர்களைப் பிரித்தார்கள். பிள்ளைகள் வெறும் சட்டையோடு பள்ளிக்கூடம் போனார்கள். பள்ளிச் சீருடையின் அரக்கு நிறம், ஒரு கல்யாண மாப்பிள்ளையின் நீலம், இறந்துபோன ஒருவரின் சாம்பல் நிறம் என்று நூலுருண்டைகள் அவள் வாசலில் குவிந்தன. ஆண்கள் சும்மா இருக்க முடியாமல், டவுன் பட்டறையில் கடைசல் பிடித்து வார்னிஷ் அடித்த புது ஊசி ஜோடி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அது கண்ணாடி மாதிரி வழுக்கியது. அருளப்பன் கையாலேயே கொடுத்ததால், மறுக்க முடியாமல், தன் ஊசிகளைக் கூரை இடுக்கில் செருகிவிட்டு யோகராணி அதில் பின்னினாள்.

வேலைக்குப் போகிறவர்கள் போகும்போது எட்டிப் பார்த்தார்கள், வருகிறவர்கள் வரும்போது எட்டிப் பார்த்தார்கள், எவ்வளவு ஆச்சு என்றார்கள். போர்வை மளமளவென்று வளர்ந்தது. மலை மூடுவது நின்றது.

முதலில் நூலைச் சந்தேகப்பட்டார்கள், பிறகு நட்சத்திரத்தை. கடைசியில் சிவபாக்கியந்தான், அளந்து பார்த்து, நாம ஓயாம எட்டிப் பார்க்க ஆரம்பிச்ச வரிசையிலிருந்து மலை அசையலை என்று சொன்னாள். அவள் ஆசைப்பட்டுப் பின்னினால் மண் சேருகிறது, பயந்து பின்னினால் சேரவில்லை. அவ்வளவுதான் விஷயம். அன்று கூட்டம் போட்டு, யோகராணியைச் சந்தோஷமாக வைத்திருப்பது என்று ஏகமனதாக முடிவெடுத்தார்கள்.

அந்த வாரத்தை நினைத்தால் தனக்கே வெட்கமாக இருப்பதாகச் சிவபாக்கியம் மகனிடம் சொல்லியிருக்கிறாள். ஒரு வீட்டிலிருந்து ரேடியோ வந்தது, ஒரு வீட்டிலிருந்து காரச்சேவு வந்தது, பழைய கூத்தில் கோமாளி வேஷம் கட்டிய ஒருவர் வந்து வாசலில் நின்று எல்லாக் கோணங்கித்தனமும் செய்து காட்டினார். யோகராணி மரியாதைக்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் பின்னால் ஓடி, பிளவைப் பார்த்துவிட்டு, தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். மழை மட்டும் விடவில்லை. முளைகளின் இடைவெளி ஒரு சாணிலிருந்து ஒன்றரைச் சாணாகியிருந்தது.

"சந்தோஷமா இரு புள்ள. இல்லாட்டி அத்தனை பேரும் செத்துப்போவோம்" என்று சிவபாக்கியம் அவளிடம் சொன்னாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. யோகராணி போர்வையைத் தடவிக்கொண்டிருந்தாள். தடவிய கை ஓரிடத்தில் நின்றது.

அங்கே ஒரு கண்ணி நழுவியிருந்தது. வழுக்கும் ஊசியிலிருந்து, மலை இன்னும் மூடிக்கொண்டிருந்த முதல் நாட்களில் யாரோ எட்டிப் பார்த்த ஒரு வேளையில், அவள் அறியாமல் கழன்று, அதன் பிறகு பின்னிய வரிசைகளெல்லாம் அதைத் தாண்டிப் போயிருந்தன. பட்டாணி அளவு ஓட்டை. யோகராணி அந்த ஓட்டைவரை முழம் போட்டுப் பார்த்துவிட்டு, எழுந்து சிவபாக்கியத்தின் வீட்டுக்குப் பின்னால் போனாள். பிளவுக்குச் சற்றுக் கீழே, சரிவில், குடம் நுழையும் அளவுக்கு ஒரு துளை விழுந்து, அதிலிருந்து கலங்கல் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே சிவபாக்கியத்தின் அடுப்படிச் சுவர்.

மறுபடி கூட்டம். துளையில் மண் நிரப்பிய சாக்குகளைத் திணித்துப் பார்த்தார்கள். மலை அவற்றை ஒவ்வொன்றாகத் துப்பியது. யோகராணி, அந்தக் கண்ணிவரைக்கும் பிரிக்க வேண்டும் என்றாள். கூட்டம் அமைதியானது. பிரித்தால் மூடிய மலையும் பிரியும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு முடிச்சுப் போட்டுவிடேன், யாருக்குத் தெரியப்போகிறது என்று அருளப்பன் தன்மையாகவே கேட்டார்.

"எனக்குத் தெரியும்ல அண்ணே" என்றாள் யோகராணி. "முடிச்சுப் போட்டா அந்த இடம் மட்டும் இழுத்துப் பிடிச்சுக்கும். போர்வையில இழுத்தா சுருங்கும், அவ்வளவுதான். மலையில இழுத்தா என்னாகும்னு நீங்க சொல்லுங்க."

 அவள் இன்னொன்றும் கேட்டாள்: பிரிக்கிற அன்றைக்கு லயத்தில் தன்னைத் தவிர ஒருவரும் இருக்கக்கூடாது. எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும்.

மலை பிரியும் என்றபோது அமைதியாக இருந்தவர்கள் இதற்குச் சத்தம் போட்டார்கள். கீழ் லயம் போனது போல இதுவும் போகவா? இவள் மட்டும் உள்ளே இருப்பாள், இவள் வீடு பிழைக்கும், மற்ற வீடுகள்? ஒரு அடுப்பின் புகை ஒரு வீட்டைத்தானே காக்கும்? யாரோ ஒருத்தி, மேனேஜர் இவளுக்கு ஏதாவது கொடுத்திருப்பார் என்றுகூடச் சொன்னாள். யோகராணி தலையைக் குனிந்துகொண்டு, மடியில் இருந்த போர்வையின் விளிம்பைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தாள். எழுந்தவள் சிவபாக்கியம்.

"நான் இருக்கேன். எல்லா அடுப்பும் எரியும். நீங்க போங்க."

அவள் வீட்டுச் சுவர்தான் முதலில் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் யாராலும் மறுத்துப் பேச முடியவில்லை.

மறுநாள் காலை, மூடுபனிக்குள், மேல் லயம் வரிசையாக எதிர்ச் சரிவிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு நடந்தது. போவதற்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பு மூட்டி, கையெட்டும் இடத்தில் தேயிலை மிலாறுகளை, கவாத்தில் விழுந்து காய்ந்த குச்சிகளை, கட்டுக் கட்டாக அடுக்கி, கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனார்கள். யோகராணி வார்னிஷ் ஊசியை உருவி ஓரமாக வைத்தாள். கூரை இடுக்கிலிருந்து தன் ஊசிகளை எடுத்துத் துடைத்தாள். நூலின் நுனியைத் தேடிப் பிடித்து இழுத்தாள்.

பிரிவதற்கு ஒரு சத்தம் உண்டு, துணி கிழிவது போல இல்லை, யாரோ பல்லிடுக்கில் காற்றை இழுப்பது போல. வீட்டுக்குள் அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வீட்டுக்கு வெளியேயும் கேட்டது. வேர்கள் ஒன்றிலிருந்து ஒன்று கழன்றன. சிவபாக்கியம் முதல் வீட்டு அடுப்பில் மிலாறைத் திணித்து, ஊதி, அடுத்த வீட்டுக்கு ஓடி, ஊதி, அடுத்த வீட்டுக்கு ஓடி, கோடிவரை போய்த் திரும்பும்போது முதல் அடுப்பு தணிந்திருக்கும். பரணில் பாத்திரங்கள் தாமாகப் பேசிக்கொண்டன. ஒரு வீட்டில் சாமி படம் ஆணியோடு கழன்று விழுந்தது. எடுத்து நெஞ்சில் அணைத்துக்கொண்டே அந்த வீட்டு அடுப்பை ஊதினாள். மூன்றாம் தடவை தன் வீட்டுக்குள் போனபோது பின்சுவர் கர்ப்பிணி வயிறு போலப் புடைத்திருந்தது. அடியிலிருந்து செம்மண் தண்ணீர் வந்து அடுப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் நெருப்பை ஒரு தகர டப்பாவில் அள்ளி, டப்பாவை அம்மியின் மேல் வைத்து, அதில் மிலாறு போட்டாள். புகை வந்தது. அந்த அம்மாளுக்கு அப்போது தேவைப்பட்டதும் அவ்வளவுதான்.

மேனேஜரின் ஜீப் மத்தியானம் வந்தது. பின் சீட்டில் ஒரு சாக்கு. திருப்பத்தில் ஜீப் குலுங்கியபோது சாக்குக்குள் பூட்டுகள் குலுங்கிய சத்தம் தனக்குக் கேட்டதாகச் சிவபாக்கியம் சொல்கிறாள். பனிக்கு நடுவே, நீளக் கூரையின் ஒவ்வொரு கண்ணிலிருந்தும், ஒன்று விடாமல், புகை போய்க்கொண்டிருந்தது. ஜீப் கொஞ்ச நேரம் இஞ்சின் அணைக்காமல் நின்றது. யாரோ இறங்கக் கால் வைத்து, மலையை நிமிர்ந்து பார்த்து, காலை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். திரும்பிப் போனது.

அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல அவள் கோடி வீட்டுக்கு ஓடினாள். யோகராணி நழுவிய கண்ணிவரை பிரித்து முடித்திருந்தாள். பிரித்த நூல், ஊர்ப்பட்ட நிறங்களில், அவள் இடுப்புவரை குவிந்திருந்தது. ஊசி முனையால் அந்த ஒரு கண்ணியை எடுத்து மற்றவற்றோடு நிறுத்தினாள். பிறகு சும்மா இருந்தாள். வீட்டின் மேல் மலை முனகிக்கொண்டிருக்க, அவள் கையிலிருந்த இரண்டாவது ஊசியைக் கன்னத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டு, முதல்நாள் போலவே.

முழங்கால்வரை சேறும் முகமெல்லாம் கரியுமாக வாசலில் நின்ற சிவபாக்கியத்துக்குச் சீக்கிரம் என்று ஒரு சொல் நாக்கு நுனிவரை வந்தது. அந்தச் சொல்லை விழுங்கியதுதான் தன் வாழ்க்கையில் தான் செய்த பெரிய காரியம் என்கிறாள்.

"டீ போடட்டுமா?" என்று கேட்டாள்.

"வேணாம்க்கா" என்றாள் யோகராணி. பிறகு, "இல்ல, போடு."

டீ கொதிக்கும் நேரத்தில் யோகராணி குவியலைக் கிளறி, அரக்கை எடுத்து வைத்தாள், நீலத்தை எடுத்து வைத்தாள், எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அடியிலிருந்து ஒரு சிவப்பை உருவினாள். யாரும் கொடுத்த நூல் இல்லை அது, அவள் மகள் சிறு பெண்ணாக இருந்தபோது போட்ட தொப்பியைப் பிரித்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். இங்கே ஒரு வரி சிவப்பு வந்தா நல்லாயிருக்கும்ல என்று கேட்டாள். மலை சரியும்போது இவளுக்குக் கலர் கேட்கிறது என்று சிவபாக்கியத்துக்குக் கோபம் வந்தது. ஆனால் பார்த்தாள். சாம்பலுக்கும் அரக்குக்கும் நடுவே அந்தச் சிவப்பு உண்மையாகவே நன்றாக இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள், மனசோடு.

யோகராணி டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். டம்ளரை ஓரமாக வைத்துவிட்டுப் பின்ன ஆரம்பித்தாள். ஊசியோடு ஊசி தட்டும் சிறிய சத்தம், மரத்தோடு மரம் தட்டுவது, அதுமட்டுந்தான் கேட்டது என்றும், அது தொடங்கியபின் பாத்திரங்கள் பேசுவதை நிறுத்தின என்றும், தான் அடுத்த வீட்டு அடுப்புக்கு ஓடுவதற்குப் பதிலாக நடந்தே போனதாகவும் சிவபாக்கியம் சொல்கிறாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஜனங்கள் திரும்பியபோது எல்லாக் கதவுகளும் திறந்தபடியே இருந்தன, எல்லா அடுப்பிலும் நெருப்பு இருந்தது, சிவபாக்கியத்தின் பின்சுவர் புடைத்தபடியே நின்றது. இன்றும் அப்படியே நிற்கிறது. போர்வை முடிந்திருக்கவில்லை. அதன் பிறகு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கோடி வீட்டைத் தாண்டும்போது தலையை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நடப்பது லயத்தில் வழக்கமானது. வெளியூர் ஆட்கள் அதைப் பகை என்று நினைத்தார்கள். எப்போது முடிந்தது என்பதும் யாருக்கும் தெரியாது. ஒரு நாள் அவள் அதைப் போர்த்திக்கொண்டு தண்ணீர்க் குழாய்க்கு வந்தாள். அவ்வளவுதான்.

அருளப்பன் போய், போர்வையை மாரியம்மன் கோவிலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம், வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துப் பூசை பண்ணலாம் என்று ஊர் சார்பாகக் கேட்டார். கேட்ட வார்த்தைக்கு யோகராணி கொடுத்த பதில் அங்கே இப்போதும் ஒரு பழமொழி போலப் புழங்குகிறது.

"எனக்குக் குளிருதுண்ணே" என்றாள்.

அடுத்த கோடையில் கணக்கெடுப்புக்காக நானும் புஷ்பாகரனும் அந்தச் சரிவுக்குப் போனோம். அந்த மழைக்குப் பிறகு சரிவில் தண்ணீர் தானாக வடிந்திருக்கலாம், மண் தானாக அமர்ந்திருக்கலாம். எங்கள் பொறியாளர் அப்படித்தான் சொன்னார், எனக்கும் அதை மறுக்கும் அளவுக்குப் படிப்பு இல்லை. யோகராணி வாசலில் உட்கார்ந்து ஒரு கட்டையைச் சீவிக்கொண்டிருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன், இன்னும் தெரியலை தம்பி என்றார். போர்வையைக் கேட்டதும் தோளிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சிவப்பு வரி இருந்தது. நழுவிய கண்ணியை மறுபடி எடுத்த இடத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. அவர் கட்டையிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி ஓரிடத்தில் விரல் வைத்தார். அங்கேயும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆகவே அதைச் சரிபார்த்தேன் என்று சொல்ல மாட்டேன்.

சரிபார்த்தது ஒன்றுதான். லயத்துக்குப் பின்னால் வருவாய்த் துறையினர் அடித்த இரண்டு மர முளைகளும் இருக்கின்றன, உச்சியில் அவர்கள் பூசிய மஞ்சள் பெயின்ட்டோடு. அளப்பதற்கு டேப்பை எடுத்தேன், தேவைப்படவில்லை. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. ஒன்றின் பக்கவாட்டு மற்றதில் அழுந்திப் பதிந்திருக்கிறது. நடுவில் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க, என் ஸ்வெட்டர் கையிலிருந்து ஒரு நூலை இழுத்து நுழைத்துப் பார்த்தேன். நுழையவில்லை.